சாய்வு, வெட்டுத்துண்டு

'சாய்' என்ற வினையடியோடு 'வு' விகுதி சேர்ந்து பிறந்தது சாய்வு. கேட்டதும் கோணம்தான் மனத்தில் எழும். குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. நேர்கோட்டுச் சமன்பாட்டில் சாய்வு என்பது ஒரு விகிதம்: கிடையாக ஓர் அலகு நகரும்போது கோடு எத்தனை அலகு ஏறுகிறது என்பதன் அளவு. சாய்வு 1 என்றால் கோணம் 45°. சாய்வு 2 ஆனால் கோணம் இரட்டித்து 90° ஆகிவிடாது, ஏறக்குறைய 63.4° தான். இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'படித்திறன்' இந்தப் பொருளுக்கு இன்னும் நெருக்கம் என்பேன். படிக்கட்டில் ஒரு படியின் உயரத்தை அதன் அகலத்தால் வகுத்தால் வருவதும் இதே எண்தானே! இறங்கும் கோட்டுக்கு அந்தச் சொல் பொருந்துமா என்று கேட்கலாம். படி இறங்கவும்தான் இருக்கிறது. அப்போது விடை குறை எண்.

வெட்டுத்துண்டு, கோடு அச்சை வெட்டும் இடத்துக்கும் ஆதிப்புள்ளிக்கும் இடைப்பட்ட துண்டு. துண்டின் நீளம் எப்படிக் குறை எண்ணாகும் என்ற மாணவரின் கேள்வி நியாயமானது. நீளத்தோடு திசையும் சேர்த்தே இங்கு அளக்கிறோம் என்பதுதான் பதில். இதைச் சொல் தானாகக் காட்டாது, ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். செல்சியஸை 1.8 ஆல் பெருக்கி 32 கூட்டினால் ஃபாரன்ஹீட் கிடைக்கும். இதில் 1.8 சாய்வு. 32, செங்குத்து அச்சின் வெட்டுத்துண்டு: செல்சியஸ் சுழியில், அதாவது நீர் உறையும் நிலையில், ஃபாரன்ஹீட் காட்டும் அளவு. அதே கோடு கிடை அச்சில் வெட்டும் துண்டோ ஏறத்தாழ −17.8. ஆகவே எந்த அச்சில் என்று சொல்லாமல் வெட்டுத்துண்டு என்றால் பொருள் நிறையாது.