ஈயமும் திரையும்

ஆரணி என்றதும் பட்டுப் புடவை ஞாபகம் வருகிறவர்களுக்கு ஒரு திருத்தம். இது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கத்து ஆரணி. பெயர் ஒன்று, எந்த ஊர் என்பதைக் கேட்பவர் தீர்மானித்துக்கொள்கிறார். கம்ப்யூட்டர் திரையில் தமிழ் எழுத்தின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

என்னிடம் 1979இல் வந்த சிற்றேடு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு கவிதைக்குள்ளேயே இரண்டு விதமான 'லை'. முதல் வரிகளில் தும்பிக்கை வைத்த பழைய லை. பிறகு, கொம்பு தனியாக முன்னால் நிற்கும் புதியது. பெரியார் 1935இல் 'குடி அரசு' ஏட்டில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தில் 13 எழுத்துக்களை எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. ணா, றா, னா, இவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை. கோர்ப்பவரின் கேஸில் அறைகள் குறையும், தட்டச்சில் கட்டைகள் குறையும் என்பது வாதம். உத்தரவு வந்த மறுநாளே சின்ன அச்சகங்கள் பழைய ஈயத்தை உருக்கிவிடவில்லை. காசு வேண்டாமா?

சாதனம் எழுத்தைத் திருத்துவது புதிதல்ல. தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி சொல்லியும் ஏடுகளில் அது பெரும்பாலும் இராது. எழுத்தாணி குத்தினால் ஓலை தாங்காது என்பார்கள். படிப்பவர்தான் புள்ளியைப் போட்டுக்கொள்ள வேண்டும். எகர ஏகார, ஒகர ஓகார வேற்றுமைக்கு வேறு குறி வகுத்தவர் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர். மெய்யெழுத்தின் தலையில் புள்ளியை நிரந்தரமாக உட்கார வைத்தது அச்சு.

திரை அதை மறுபடி ஆட்டிவிட்டது. ஈய எழுத்தின் வளைவு வளைவாகவே மசியில் பதியும். திரையிலோ வளைவு சின்னச் சதுரக் கட்டங்களாகத்தான் விழ வேண்டும். பழைய மேஜைத் திரைகளுக்குக் கணக்கு அங்குலத்துக்கு 96 கட்டம். 10 பாயிண்ட் எழுத்துக்கு மேலிருந்து கீழாகப் பதின்மூன்றுதான் தேறும். அதற்குள் 'ண'வின் சுழிகள் அடைபடாமல் இருக்க வேண்டும், புள்ளிக்கும் இடம் வேண்டும். புள்ளி ஒரு கட்டம் நகர்ந்தால் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். விளிம்பில் சாம்பல் நிறம் பூசி வளைவு போலக் காட்டினார்கள். கண்ணை ஏமாற்றுகிற வேலை, ஆனால் பலித்தது. விண்டோஸ் 2000உடன் வந்த 'லதா' எழுத்துருவில் ஈயத்தின் தடிப்பும் மெலிவும் அநேகமாக இல்லை. கட்டங்களின் நெருக்கடியில் அதற்கு இடமில்லை என்றே நினைக்கிறேன். இன்றைய கைபேசிகளில் அங்குலத்துக்கு 300 கட்டங்களுக்கு மேல் சாதாரணம். இடம் திரும்பிவிட்டது, நம் கண்தான் சீரான கோட்டுக்குப் பழகிவிட்டது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அச்சில் எழுத்தும் அதன் ரூபமும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. 1991இல் தமிழையும் சேர்த்துக்கொண்டு வந்த யூனிகோடில் லகரத்துக்கு ஓர் எண், ஐகாரக் குறிக்கு ஓர் எண், அவ்வளவே. எப்படித் தெரிய வேண்டும் என்பது வாசகரின் கருவியில் உள்ள எழுத்துருவைப் பொறுத்தது. தும்பிக்கை லை காட்டுகிற எழுத்துரு இருந்தால் அதே எண்கள் அப்படித் தெரியும். ஈயத்துக்காகச் செய்த சிக்கனத்தின் காரணம் இப்போது இல்லை. சிக்கனம் மட்டும் நிற்கிறது. பழைய வடிவம் திரும்ப வேண்டுமென்று நான் கேட்கவில்லை. சீர்திருத்தம் சரிதான். ஆனால் பழைய லையை இந்த வரியில் எழுதிக் காட்ட என்னால் முடியவில்லை.

அந்த 1979 கவிதையைப் போன வாரம் கைபேசியில் அடித்து ஒரு நண்பருக்கு அனுப்பினேன். நீண்ட வரிகளைத் திரை தன் அகலத்துக்கு மடித்துவிட்டது. கவிஞர் முறித்த இடம் எது, திரை முறித்தது எது என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லா லையும் ஒரே மாதிரி. எந்த வரியில் அந்த அச்சகத்தின் பழைய எழுத்து தீர்ந்துபோயிற்று என்பதும் அதில் இல்லை.