தேடுவோர் சொல்லும் எழுதுவோர் சொல்லும்: நிகண்டு முதல் தேடுபொறி வரை

ஒரு செய்தி எழுதப்பட்டுவிட்டதனாலேயே அது வேண்டுவோர் கைக்குச் சென்று சேர்ந்துவிடுவதில்லை. தேடுவோர் மனத்தில் இருக்கும் சொல்லும் எழுதியவர் ஆண்ட சொல்லும் ஓரிடத்தில் சந்தித்தால்தான் நூல் படிப்பவரை அடைகிறது. அச்சந்திப்பு நிகழும் முறை தமிழில் நூற்றாண்டுதோறும் மாறி வந்துள்ளது. அந்த மாற்றத்தின் வரலாற்றையும், ஜொகூர் மாநிலத்துத் தமிழர் வரலாற்றுக்கு அது உணர்த்தும் கடமையையும் இவ்வுரையில் நாம் ஆராய்கிறோம்.

மனப்பாடத்திலிருந்து அகரவரிசைக்கு

சொற்களைத் தொகுத்து வைக்கும் தமிழ்மரபு நிகண்டுகளில் தொடங்குகிறது. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையால் சொற்களைப் பகுத்துச் செய்யுளில் கோத்தன. இவை மனப்பாடம் செய்வதற்கென்றே இயற்றப்பட்டவை. ஒரு சொல்லைத் தேட வேண்டுமாயின், அது எத்தொகுதியில் அடங்கும் என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். ஆகவே நிகண்டு, கற்றவருக்கு உதவிய அளவுக்குப் புதிதாய் வந்தவருக்கு உதவவில்லை.

1594ஆம் ஆண்டில் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்தின் அகரவரிசையில் அடுக்கியது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி அம்முறையை மேலும் செப்பமாக்கிப் பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளில் தந்தது. இதனால் விளைந்த மாற்றம் பெரிது. பொருள் அறியாதவரும் எழுத்தை மட்டும் கொண்டு சொல்லைக் கண்டடைய முடிந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை இவ்வகையில் எல்லார்க்கும் உரியவை ஆக்கிற்று.

அடுத்த படி, சொல் எந்த நூலில் எந்த அடியில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு ஆகும். உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் இறுதியில் அரும்பத முதலியவற்றின் அகராதியைச் சேர்த்து இதற்கு வழிகாட்டினார். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொற்களுக்கான அடைவை 1967க்கும் 1970க்கும் இடையில் வெளியிட்டது. ஆய்வாளர் பல மாதம் ஏடு புரட்டிச் செய்த வேலையை ஒரு பிற்பகலில் முடிக்க அது துணைநின்றது.

அரிய சொல்லின் ஆற்றல்

சொல்லடைவைப் பயன்படுத்துவோர் விரைவில் ஓர் உண்மையை உணர்வர். ‘பூ’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டால் அடைவு கணக்கற்ற இடங்களைக் காட்டும். அவற்றுள் நமக்கு வேண்டியது எது என்று தெரியாது. குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறும் 99 மலர்ப்பெயர்களுள் அருகி வழங்கும் ஒன்றை எடுத்துக்கொண்டால், அது நம்மை ஒன்றிரண்டு இடங்களுக்கே அழைத்துச் செல்லும். பொதுச்சொல் நம்மைக் கூட்டத்தில் விட்டுவிடும். அரிய சொல் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தும்.

இதனை எண்ணளவில் ஆராய்ந்தவர் அமெரிக்க மொழியறிஞர் ஜார்ஜ் கிங்ஸ்லி சிப்ஃப். எந்த மொழியிலும் ஒருசில சொற்கள் மிகப் பலமுறை வருகின்றன; பெரும்பாலான சொற்கள் மிகச் சிலமுறையே வருகின்றன என்பதை அவர் 1935லும் 1949லும் வெளியிட்ட நூல்களில் விளக்கினார். இதனைப் படமாக வரைந்தால் இடப்புறம் உயர்ந்த தலையும், வலப்புறம் தாழ்ந்து நெடுந்தொலைவு செல்லும் வாலும் தோன்றும்.

அந்த வாலுக்குப் பெயர் சூட்டிப் புகழ்பெறச் செய்தவர் கிறிஸ் ஆண்டர்சன். அவர் ஒயர்டு என்னும் அமெரிக்க இதழில் 2004ஆம் ஆண்டு அக்டோபரில் ‘நீண்ட வால்’ என்னும் கருத்தை வணிகத்தைக் குறித்து எழுதினார். மிகுதியாக விற்கும் சில பொருள்களைப் போலவே, அரிதாக விற்கும் எண்ணற்ற பொருள்களும் ஒன்றுசேர்ந்தால் பெருஞ்சந்தை ஆகும் என்பது அவர் கூற்று. இணையத் தேடலை ஆராய்ந்தோர் அக்கருத்தைச் சொற்களுக்குப் பொருத்தினர். மூன்று, நான்கு சொற்கள் சேர்ந்த, குறிப்பிட்ட ஒன்றையே வேண்டும் தேடல்களை அவர்கள் நீள்வால் தேடுசொற்கள் என்றனர். நாள்தோறும் தன்னிடம் வரும் தேடல்களுள் ஏறத்தாழ 15 விழுக்காடு முன்னொருபோதும் கேட்கப்படாதவை எனக் கூகுள் நிறுவனம் பலமுறை கூறியுள்ளது. வாலின் நீளத்தை இதனால் உணரலாம்.

தேடுபொறியும் அடிப்படையில் ஒரு சொல்லடைவே. ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கங்களில் உள்ளது என்னும் பட்டியலை அது முன்னரே ஆக்கி வைத்திருக்கிறது. ஒருவர் ‘பள்ளி’ என்று மட்டும் தட்டச்சு செய்தால் எண்ணிலடங்காப் பக்கங்கள் போட்டியிடுகின்றன. அவற்றுள் பலர் சுட்டும் பெரிய நிறுவனங்களின் பக்கங்களே முன்னிற்கும். நான்கு சொற்களைச் சேர்த்துக் கேட்டால், நான்கு பட்டியல்களுக்கும் பொதுவான சில பக்கங்களே எஞ்சும். அப்போது சிற்றூர் ஆசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரை முதலிடத்தில் வந்து நிற்கக் கூடும். எளியோரின் எழுத்துக்கு இணையம் அளிக்கும் இடம் பெரும்பாலும் இவ்வாலில்தான் உள்ளது.

தமிழ் எழுத்துக்குப் பொது எண் கிடைத்த கதை

ஆயினும், தமிழில் எழுதப்பட்டவை நெடுங்காலம் இந்த அடைவுக்குள் வர இயலவில்லை. கணினிக்கு எழுத்து என்பது எண். தொடக்க காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஓர் எண்முறையைக் கொண்டிருந்தது. கண்ணுக்கு ‘தோட்டம்’ என்று தெரிந்தது, பொறிக்கு உரோமன் எழுத்துகளின் குழப்பமான வரிசையாகவே தெரிந்தது. ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துருவில் தேடினால் கிடைக்காது.

இச்சிக்கலைத் தீர்க்கும் முயற்சியில் இந்த வட்டாரத்துக்குச் சிறப்பான பங்கு உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு மென்பொருள் பணியைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று உழைக்க, 1997ஆம் ஆண்டு தமிழ் இணைய மாநாடு அங்குக் கூடியது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கித் தமிழ் நூல்களை மின்வடிவில் திரட்டலானார். 1999இல் சென்னை மாநாட்டில் எழுத்துமுறைத் தரங்கள் அறிவிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. 2001ஆம் ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. 1991 முதல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தும், கணினி இயங்குதளங்கள் அதனை ஏற்ற பின்னரே அது பரவலாயிற்று. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியிலேயே வளர்ந்தது. 2010இல் தமிழ்நாட்டரசும் அதனைத் தரமாக அறிவித்தது.

இம்மாநாடுகளின் பயனை எழுத்து அழகாகத் தெரிந்தது என்ற அளவில் நிறுத்திவிடலாகாது. ஒருவர் எழுதிய தமிழ்ச் சொல்லை, அவரை அறியாத மற்றொருவர் உலகின் எந்த மூலையிலிருந்தும் தமிழிலேயே தேடி அடைய முடிந்தது என்பதே அவற்றின் பெரும்பயன். இரேவண சித்தர் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகவே நாம் அதனைக் கருதுகிறோம்.

ஜொகூரின் சொற்கள்

வாயில் திறந்துவிட்டது, உள்ளே என்ன வைத்திருக்கிறோம் என்பதே இப்போதைய வினா. ஜொகூர்த் தமிழர் வரலாற்றின் பெரும்பகுதி தோட்டங்களில் நிகழ்ந்தது. 1909இல் இருப்புப்பாதை ஜொகூர் பாருவை எட்டியபின் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் முதலிய இடங்களைச் சூழ்ந்து இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கு வாழ்ந்தோர் தமக்கெனச் சொற்களை ஆக்கிக்கொண்டனர். இரப்பர் அவர்களுக்குப் பால்மரம், கித்தா மரம். காலையில் ஆள் கணக்கெடுத்தது பெரட்டு. குழந்தைகளை விட்டுச் சென்ற இடம் ஆயக்கொட்டகை. குடியிருந்த வீட்டுவரிசை லயம். பால் வடியும் கிண்ணம் மங்கு. தண்டல், கிராணி, கங்காணி என்பன நாள்தோறும் நாவில் வழங்கிய பெயர்கள்.

இன்று அத்தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. ஸ்கூடாய் வட்டாரத்தில் ரினி தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஆயினும் அங்குள்ள தமிழ்ப்பள்ளி தோட்டத்தின் பெயரை இன்னும் தாங்கி நிற்கிறது. இடப்பெயர்களும் மாறுகின்றன. ஜொகூர் பாரு ஒருகாலத்தில் தஞ்சோங் புத்ரி. நூசாஜெயா 2015இல் இஸ்கந்தர் புத்ரி ஆயிற்று. மூவார் நகருக்குப் பண்டார் மகாராணி என்னும் பெயரும் உண்டு. பாட்டியின் ஊரைத் தேடும் பேத்தி, பாட்டி சொன்ன பெயரையே தட்டச்சு செய்வாள். நம் கட்டுரையில் புதுப்பெயர் மட்டும் இருந்தால் அவள் அதனைக் காணமாட்டாள்.

எழுத்துக்கூட்டலும் இடர் தருகிறது. ஜொகூர், ஜோகூர், ஜொகோர், ஜொஹோர் என ஒரே மாநிலம் நான்கு வகையாக எழுதப்படுகிறது. ‘தமிழ்ப்பள்ளி’ எனச் சேர்த்தும் ‘தமிழ்ப் பள்ளி’ எனப் பிரித்தும் ‘தமிழ் பள்ளி’ என ஒற்றின்றியும் எழுதுவோர் உளர். வேற்றுமை உருபேற்று ‘தோட்டத்தில்’, ‘தோட்டத்திலிருந்து’ என்று சொல் உருமாறுவதையும் பொறி எப்போதும் சரிவர உணர்வதில்லை.

சொல் எவ்வாறு வரலாற்றையே காக்கிறது என்பதற்கு ஒரு சான்று தருவோம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதையை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைக் கொண்டு தேடினால் முன்னிற்பவை பெரும்பாலும் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கதைகளே. ‘சயாம் மரண இரயில்’ என்று நம் மக்கள் வழங்கிய தொடரைக் கொண்டு தேடினால் தமிழ்த் தொழிலாளரின் துயரம் வெளிப்படுகிறது. அத்தொடரைத் தமிழில் எழுதி வைத்தோர் இல்லையெனில், தேடுவோருக்கு நம்மவர் இறப்பு கண்ணில் படாமலே போயிருக்கும்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை

இதற்கு எதிரான ஒரு தீமையையும் குறிப்பிடுதல் வேண்டும். தேடுசொற்களின் பயனை அறிந்த வணிகர் சிலர், பொருளின்றி அச்சொற்களையே அடுக்கிப் பக்கங்களை நிரப்பினர். 2011ஆம் ஆண்டில் கூகுள் தன் தரவரிசை முறையைத் திருத்தி அத்தகைய பக்கங்களைப் பின்தள்ளியது. சொல்லுக்கேற்ற செய்தி இல்லாத பக்கம், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் வீடு. நாம் வேண்டுவது சொற்குவியல் அன்று. பொருளுக்கு உரிய சொல்லை உரிய இடத்தில் வைத்தல்.

ஆகவே பள்ளிகளில் தோட்ட வரலாறு எழுதுவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளலாம். தலைப்பில் ‘எங்கள் ஊர்’ என்று மட்டும் எழுதாமல், தோட்டம், வட்டாரம், மாநிலம் மூன்றையும் பெயர் சுட்டி எழுதுக. பழம்பெயரையும் புதுப்பெயரையும், வழங்கிவரும் வேறு எழுத்துக்கூட்டலையும் ஒருமுறையேனும் குறிப்பிடுக. பெரியோர் பேசிய சொல்லை நீக்கிவிட்டு நூல்வழக்கை மட்டும் இடாமல், இரண்டையும் அருகருகே வைக்க. ‘ஆயக்கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் யார்?’ என்பது போல், பிறர் கேட்கக்கூடிய வினாவையே உட்தலைப்பாக அமைக்க. பள்ளி ஆண்டுமலர்களைப் படமாக மட்டும் ஏற்றாமல், ஒருங்குறியில் தட்டச்சு செய்து ஏற்றுக.

ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒரு முதியவரின் நினைவுகளை அவர் சொற்களிலேயே எழுதி வெளியிட்டால், பத்தாண்டில் 700 கட்டுரைகள் சேரும். ஒவ்வொன்றையும் ஆண்டுக்குப் பத்துப் பேரே தேடி வரக்கூடும். ஆனால் அப்பத்துப் பேரும் தம் ஊரையும் தம் முன்னோரையும் தேடி வந்தவர்களாக இருப்பர். பெரட்டில் நின்றவர்களும் மங்கு துடைத்தவர்களும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதுவதற்குரிய காலம் குறுகி வருகிறது. இப்பணியை வரும் பள்ளி விடுமுறையிலேயே தொடங்குமாறு ஆசிரியர்களையும் மாணவர்களையும் வேண்டுகிறோம்.