‘செக்’ என்ற ஒரு சொல்: ஒலியும் பொருளும் வந்த வழி

ஆசிரியர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, ஒரு நாளில் ‘செக்’ என்ற சொல்லை எத்தனை தடவை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். “ஹோம்வொர்க்கைச் செக் பண்ணியாச்சா?”, “பேங்க்ல செக் போட்டாச்சா?”, “அந்தச் செக் சட்டையை எடு.” சதுரங்கம் ஆடும்போதும் “செக்!” என்கிறோம். ஒலி ஒன்று, பொருள் பல. இவற்றைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சொல்லின் வரலாறு தெரிந்தால் பொருள்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

அரசருக்கு ஆபத்து

இந்தியாவில் பிறந்த சதுரங்கம் பாரசீகத்துக்குப் போனது. பாரசீக மொழியில் ‘ஷா’ என்றால் அரசர். எதிரியின் அரசருக்கு ஆபத்து வந்தால் “ஷா!” என்று எச்சரிப்பார்கள். அரபியர் வழியாக ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது சொல்லும் கூடவே போனது. லத்தீனில் ‘ஷ’ ஒலி இல்லாததால் அது ‘ஸ்காக்கஸ்’ ஆனது. பழைய பிரெஞ்சில் ‘எஸ்செக்’ ஆனது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் முன்பகுதி உதிர்ந்து ‘செக்’ மட்டும் நின்றது. ‘செஸ்’ என்ற சொல்லும் இதன் உடன்பிறப்புதான்; அது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்தது.

அரசருக்கு ஆபத்து என்றால், ஆட்டக்காரர் மற்ற திட்டங்களை எல்லாம் நிறுத்திவிட்டு அவரைக் காப்பாற்ற வேண்டும். அதனால் ‘செக்’ என்பதற்குத் தடுத்தல், கட்டுக்குள் வைத்தல் என்ற பொருள்கள் வந்தன. தவறு நடக்காமல் தடுக்க வேண்டுமானால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் இல்லையா? அந்த வழியில் ‘சரிபார்த்தல்’ என்ற பொருள் பின்னால் வந்தது. நாம் இன்று அதிகம் பயன்படுத்துவது இதைத்தான்.

கட்டம் போட்ட மேசை

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், முதலாம் ஹென்றி காலத்திலிருந்து, மாவட்ட அதிகாரிகள் அரசருக்குச் சேர வேண்டிய பணத்துக்கு ஒரு பெரிய மேசையின் முன் கணக்கு ஒப்படைத்தார்கள். மேசை சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். அதன்மேல் கோடு போட்ட கறுப்புத் துணி விரித்திருக்கும். ரோமன் எண்களில் கூட்டுவதும் கழிப்பதும் சிரமம். ஆகவே பென்ஸ், ஷில்லிங், பவுண்டு என்று பத்தி பிரித்து, வில்லைகளை நகர்த்திக் கணக்குப் பார்த்தார்கள். பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகை போலவே இருந்ததால் அந்த அலுவலகத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது. பிரிட்டிஷ் நிதியமைச்சரின் பதவிப் பெயரில் அது இன்னும் இருக்கிறது.

கட்டம் போட்ட துணி ‘செக்’ ஆனதும் அதே பலகையால்தான். சென்னையின் பெயரால் உலகச் சந்தையில் விற்ற ‘மெட்ராஸ் செக்ஸ்’ துணியை நினைத்துப் பாருங்கள்.

வங்கிச் செக்? 18ஆம் நூற்றாண்டில், மோசடியைத் தடுக்க வைத்திருந்த அடிக்கட்டைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். பிறகு கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே அது பெயரானது. ‘எக்ஸ்செக்கர்’ என்ற சொல்லின் சாயலில் பிரிட்டிஷார் அதன் எழுத்துக்கூட்டலை மாற்றி, ‘க்யூ-யு-இ’ என்று முடித்தார்கள். அமெரிக்கர்கள் மாற்றவில்லை. இங்கே நாம் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுகிறோம்.

ஒலியில் கவனம்

எழுத்துக்கூட்டல் எப்படி இருந்தாலும் உச்சரிப்பு ஒன்றுதான். ‘செக் நாடு’ என்பதும் அப்படியே ஒலிக்கும். ஆனால் அது ஓர் இனத்தாரின் பெயர், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல.

தமிழில் சொல் முதலில் வரும் சகரத்தைப் பலர் ‘செடி’ என்பதுபோல மென்மையாகச் சொல்வோம். இங்கே ‘பச்சை’யில் வரும் ‘ச்ச’ போல அழுத்த வேண்டும். கடைசியில் உகரம் சேர்த்தால் ‘செக்கு’ ஆகிவிடும். அது வ.உ.சி. சிறையில் இழுத்தது!

தேர்வில் என்ன செய்வது?

ஆங்கிலம் ஒரே சொல்லால் சமாளிக்கும் இடங்களில் தமிழ் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது:

- வங்கித் தாள்: காசோலை (காசு + ஓலை)
- கணக்கு, விடை: சரிபார்த்தல்
- நோயாளி: பரிசோதித்தல்
- விலையேற்றம், கோபம்: கட்டுப்படுத்துதல்
- துணி: கட்டம் போட்டது
- சதுரங்கம்: முற்றுகை

பேச்சில் “செக் பண்ணு” என்பதில் குற்றமில்லை. ஆனால் கட்டுரையிலும் எல்லாவற்றையும் ‘செக் செய்தல்’ என்றே எழுதினால், மருத்துவர் செய்வதும் கணக்காளர் செய்வதும் ஒன்றாகிவிடும். பழக்கம் விட்டுப்போனால் இந்தச் சொற்கள் அகராதியில் மட்டும்தான் இருக்கும்.

ஆசிரியர்கள் வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம்: மாணவர்கள் ஒரு நாள் முழுக்கத் தாங்கள் கேட்ட ‘செக்’ வாக்கியங்களைக் குறித்து வரட்டும். மறுநாள் ஒவ்வொன்றையும் ‘செக்’ இல்லாமல் எழுதட்டும். எந்த வாக்கியத்தில் பேனா நிற்கிறதோ, அங்கேதான் நாம் கற்றுக்கொடுக்க வேண்டிய சொல் இருக்கிறது.