டார்ம்ஸ்டாட் தந்த ஒரு தாய், ஒரு அம்மம்மா



ஆண்டு மலருக்கு ஒரு தாயின் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். நாங்கள் வாழும் இந்த நகரத்துப் பெண் ஒருவரைப் பற்றி எழுத விரும்பினேன். அவர் அரச குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும் அவர் பட்ட பாடு எங்கள் அம்மம்மாமார் பட்ட பாட்டுக்கு வெகு தூரமானதல்ல. அவர் பெயர் விக்டோரியா.

அவருடைய தாயிலிருந்து தொடங்க வேண்டும். தாயார் ஆலிஸ், இங்கிலாந்து மகாராணி விக்டோரியாவின் மகள். 1862இல் ஹெசன் இளவரசர் லுட்விக்கைத் திருமணம் செய்து, டார்ம்ஸ்டாட்டுக்கு மருமகளாக வந்தார். 1866இல் நடந்த போரில் காயப்பட்டவர்களுக்கு உதவினார். அடுத்த வருடம், தாதியரைப் பயிற்றுவிக்கப் பெண்கள் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். எங்கள் நகரத்தின் ஆலிஸ் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. தாதியான எனக்கு அந்தப் பெயர்ப் பலகையைக் காணும்போதெல்லாம் ஒரு நன்றி உணர்வு வரும்.

1878 நவம்பரில் அந்த வீட்டுக்குள் தொண்டை அடைப்பான் நோய் நுழைந்தது. பிள்ளைகளே, இந்த நோயில் தொண்டைக்குள் தோல் போல ஒரு படலம் வளர்ந்து மூச்சை அடைத்துவிடும். முதலில் படுத்தவர் மூத்த மகள் விக்டோரியா. அப்போது அவருக்கு 15 வயது. பிறகு எலிசபெத் என்ற மகளைத் தவிர மற்றப் பிள்ளைகளுக்கும் தந்தைக்கும் தொற்றியது. நான்கு வயது மேரி நவம்பர் 16ஆம் திகதி இறந்தாள். அந்தச் செய்தியைத் தாய் மற்றப் பிள்ளைகளிடமிருந்து மறைத்து வைத்தார். பின்பு மகன் ஏர்ன்ஸ்ட் அதை அறிந்து அழுதபோது, கிட்டப் போகக்கூடாது என்ற கட்டுப்பாட்டை மறந்து அவனை முத்தமிட்டார். அதனால்தான் நோய் அவருக்குத் தொற்றியது என்று சொல்வார்கள். டிசம்பர் 14ஆம் திகதி ஆலிஸ் மரித்தார். வயது 35.

தொற்று நோயாளியிடம் எப்படி நடக்க வேண்டும் என்று படித்தவள் நான். முகக்கவசத்தையும் கையுறையையும் வலியுறுத்துகிறவள். ஆனாலும் ஒரு தாயாக அந்த முத்தத்தைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1890இல் எமில் பெரிங் இந்த நோய்க்கு எதிரான மருந்தின் வழியைக் கண்டார். எங்கள் பிள்ளைகளுக்கு முதல் வயதிலேயே அதற்குத் தடுப்பூசி போடப்படுகிறது. ஊசிக்கு அழுகிற பிள்ளைகளே, அந்த அழுகை நல்ல அழுகை!

தாய் போனபின் வீட்டில் தம்பி ஒருவன், தங்கைகள் மூவர். கடைசித் தங்கை அலிக்ஸுக்கு ஆறு வயது. அவர்களைக் கவனிக்கும் பொறுப்பு அக்கா விக்டோரியாவின் தோளில் விழுந்தது. 1884இல் டார்ம்ஸ்டாட்டில் பாட்டன்பெர்க் இளவரசர் லூயிஸுடன் அவருக்குத் திருமணம் நடந்தது. நான்கு பிள்ளைகள். மூத்தவள் பிறவியிலேயே காது கேளாதவள். அவளுக்கும் ஆலிஸ் என்று தன் தாயின் பெயரையே வைத்திருந்தார். உதடுகளின் அசைவைப் பார்த்துப் பேச்சை விளங்கிக்கொள்ளவும் தானே பேசவும் தாய் அவளை ஊக்கப்படுத்தினார். கடைசி மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். அவர்தான் பின்னாளில் இந்தியாவின் கடைசி வைஸ்ராயான மவுண்ட்பேட்டன் பிரபு. இரண்டாம் உலகப் போரில் பேராதனைப் பூங்காவில் தலைமையகம் வைத்திருந்தவரும் அவரே.

1914இல் முதலாம் உலகப் போர் வந்தது. விக்டோரியா இங்கிலாந்தில், தம்பியும் ஒரு தங்கையும் ஜேர்மனியில், இரு தங்கைகள் ரஷ்யாவில். போர் குடும்பத்தை நாடு நாடாகப் பிரிப்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய கணவர் ஜேர்மனியில் வளர்ந்தவர் என்ற சந்தேகத்தால், பிரித்தானியக் கடற்படையின் உயர்ந்த பதவியை விட்டு விலக நேர்ந்தது. 1917இல் குடும்பப் பெயரையே மாற்றினார்கள். 1918இல் ரஷ்யாவிலிருந்த இரு தங்கைகளும் கொல்லப்பட்டனர். எலிசபெத்தின் உடல் எருசலேமுக்குக் கொண்டுவரப்பட்டபோது, 1921இல் விக்டோரியா அங்கே சென்று அடக்கத்தில் நின்றார். அதே ஆண்டில் கணவரையும் இழந்தார்.

இத்தனைக்கும் பிறகுதான் அவர் அம்மம்மாவாக மீண்டும் ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்டார். 1930இல் மகள் ஆலிஸ் மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். அவளுடைய மகன் பிலிப்புக்கு அப்போது 8 வயது. அந்தப் பையனுக்கு லண்டன் கென்சிங்டன் மாளிகையில் இருந்த அம்மம்மாவின் வீடு ஒரு புகலிடமானது. அவனே பின்பு எலிசபெத் மகாராணியின் கணவரானான். மகளும் சுகமடைந்தாள். இரண்டாம் உலகப் போரில் ஏதென்ஸ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தை ஒளித்துக் காப்பாற்றினாள்.

1937இல் பேத்தி செசிலியும் அவள் கணவரும் இரு மகன்மாரும் விமான விபத்தில் இறந்து, டார்ம்ஸ்டாட் ரோசன்ஹோவில் அடக்கம் செய்யப்பட்டனர். அடுத்த ஆண்டு மூத்த மகன் ஜோர்ஜ் மரித்தார். 1948இல் பூட்டப்பிள்ளை சார்ள்ஸின் ஞானஸ்நானத்தில் விக்டோரியா ஞானத்தாய்மாரில் ஒருவரானார். 1950 செப்டம்பர் 24ஆம் திகதி, 87ஆவது வயதில் கண் மூடினார்.

விக்டோரியா தம் நினைவுகளை எழுதி வைத்துவிட்டுப் போனார். என் அம்மா அப்படி எழுதவில்லை. நான் இந்த நாட்டில் தாதிப் படிப்பு படித்த காலத்தில் என் கைக்குழந்தையை வளர்த்தவர் அவரே. இரவு வேலை முடிந்து வந்தால் பிள்ளை அவர் மடியில் தூங்கும். எனக்குத் தேநீர் ஊற்றி வைத்திருப்பார். "களைச்சுப் போனாய், போய்ப் படு பிள்ளை" என்பார். நானும் படுத்துவிடுவேன். அவருடைய இளமைக் காலத்தைப் பற்றிப் பிறகு கேட்கலாம் என்றிருந்தேன். இன்று கேட்க அவர் இல்லை.

பிள்ளைகளே, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ரோசன்ஹோ பூங்காவுக்குப் போங்கள். ஆலிஸ் அங்கேதான் துயில்கிறார். வீடு திரும்பியதும் உங்கள் அம்மம்மா, அப்பம்மா பக்கத்தில் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். ஊரில் இருந்தால் தொலைபேசியில் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றை நாங்கள் வாசிக்க ஆண்டவர் கிருபை செய்வாராக.