வடவைத் தீயும் பாரன் தீவும்

குடமுழுக்கு மலருக்குக் கட்டுரை தர வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தபோது, அந்தமான் முருகனடியார்களுக்கு உகந்த பொருள் இதுவே என்று துணிந்தேன். 1832க்குப் பின் அடங்கிக் கிடந்த பாரன் தீவு 1991இல் மீண்டும் கனன்றதை உங்களில் மூத்தோர் நன்கறிவர். அந்தத் தீ எப்படி மூள்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் எனக்கு மிக உவப்பான பகுதி ஔர்வ முனிவர் வரலாறு. தம் குலத்தை அழித்தவர்கள்மீது கொண்ட சினத்தால் உலகையே எரிக்க எழுந்தவரைப் பிதிரர்கள் தடுத்து, அச்சினத் தீயைக் கடலில் விடச் செய்கின்றனர். அது குதிரை முகங்கொண்டு, கடல்நீரைப் பருகியபடியே எரிகிறது. பேரன் பராசரரின் சினம் தணிய வசிட்டர் சொல்லும் கதை இது. நம் புலவர்கள் வடவை என்று போற்றியதும் இத்தீயையே. மாணிக்கவாசகரோ போற்றித் திருவகவலில், நிலம், நீர், தீ என ஒவ்வொரு பூதத்திலும் இறைவன் கலந்து நிற்கும் வகையை எண்ணி எண்ணித் தொழுகிறார். நீரும் தீயும் பகையல்ல என்ற தெளிவு அம்மரபில் ஊறியது.

நிலவியலுக்கு வருவோம். அந்தமானுக்கு மேற்கேயுள்ள அகழியில் இந்தியத் தட்டு சரிந்து பர்மியத் தட்டுக்கு அடியில் இறங்குகிறது. உராய்வின் சூட்டில் அது உருகி எரிமலைக் குழம்பாகிறது என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. இறங்கும் தட்டு குளிர்ந்தது. அது கொண்டுபோகும் நீர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அந்த நீர் பாறைக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. தெற்கு அந்தமானிலும் ரட்லண்டு தீவிலும் கரும்பச்சையாய், தொட்டால் வழவழக்கும் செர்பென்டைன் கல் உண்டு. உலர்ந்த கல்லாகத் தோன்றினாலும் அதன் எடையில் 13 விழுக்காடு வரை நீரே.

சுமார் 100 கி.மீ. ஆழத்தில், அழுத்தமும் வெப்பமும் ஏற ஏற இத்தகைய கனிமங்கள் சிதைந்து நீரை விடுகின்றன. அந்நீர் மேலேயுள்ள சூடான மூடகப் பாறையில் ஏறுகிறது. சிலிக்கனையும் ஆக்சிஜனையும் கோத்த பிணைப்புகளை நீர் அறுத்துவிடும். நீரற்ற மூடகம் அந்த ஆழத்தில் உருக ஏறக்குறைய 1,500 பாகை செல்சியஸ் வேண்டும். நீர் சேர்ந்தால் பல நூறு பாகை குறைந்தே உருகத் தொடங்கும். இப்படிப் பிறந்த குழம்பில் எடையளவில் 2 முதல் 6 விழுக்காடு நீர் இருக்கிறது. மேலே வந்து அழுத்தம் தளர்ந்ததும் அது ஆவியாய்ப் பிரிந்து வெடிக்கிறது.

சான்று கேட்பீர்கள். விண்கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்கும் பெரிலியம்-10 மழையோடு இறங்கிக் கடற்சேற்றில் படிகிறது. சுமார் 14 லட்சம் ஆண்டுகளில் அதில் பாதி அழிந்துவிடும். அது அலூசியன் தீவுகள், நிகரகுவா எரிமலைகளின் குழம்பில் கிடைத்தது. கடலடிச் சேறு கீழே போய், அது அழியும் முன்பே எரிமலை வழியாகத் திரும்புகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பாரன், நார்கொண்டம் எரிமலைகளைப் பற்றி இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக எஃப். ஆர். மாலெட் 1885இலேயே தனிநூல் எழுதினார். தமிழில் அப்படியொரு நூல் வேண்டும். இத்தீவுகளில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் நிலவியல் பயின்று அதை எழுத முன்வருமாறு முருகன் திருமுன் வேண்டிக்கொள்கிறேன்.