எலைசா அக்னியூ கேட்ட செபம்

உடுவில் பெண்கள் பாடசாலையின் முதல் வரலாறு துக்க வீட்டின் வரலாறு. 1820இல் அமெரிக்க மிஷனரியான ஹரியட் வின்ஸ்லோ தன் கணவர் மைரன் வின்ஸ்லோவுடன் உடுவிலில் வந்து குடியிருந்தார். பெண்பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் வழக்கம் இல்லாத யாழ்ப்பாணத்தில், 1824இல் ஹரியட் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை தொடங்கினார். புதிதாக அமெரிக்க மிஷனரிகள் வர இலங்கை அரசாங்கம் அனுமதிக்காத ஆண்டுகள் அவை. இருந்த சிலரே படிப்பிக்கவும் வேண்டும், இறந்த தங்களவர்களை அடக்கம் பண்ணவும் வேண்டும். உடுவிலில் பிறந்து, படிக்க அமெரிக்கா போன ஹரியட்டின் மகன் சார்ல்ஸ் 1832இல் பதினொரு வயதில் இறந்தான். அடுத்த சனவரியில் ஹரியட்டும் போய்விட்டார். மேரி ஸ்போல்டிங் பாடசாலையைப் பொறுப்பெடுத்தார்.

1840இல் நியூயோர்க்கிலிருந்து எலைசா அக்னியூ வந்தார். பெற்றோரை அவர்களின் கடைசிக் காலம்வரை பராமரித்துவிட்டு, முப்பது கடந்தபின் தனியாக வந்த பெண். 1879வரை இந்தப் பாடசாலையே அவருக்கு வீடு. ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. தாயைப் படிப்பித்தார், மகளைப் படிப்பித்தார், பேத்தியையும் படிப்பித்தார். விடுமுறை விட்டால் பழைய மாணவிகளைத் தேடி ஊர் ஊராய்ப் போவார். 1855இல் அமெரிக்க மிஷன் தன் வட்டுக்கோட்டைச் செமினரியை மூடி, உடுவிலிலும் ஆங்கிலப் படிப்பை நிறுத்தியபோதும் அவர் தளரவில்லை. தமிழிலேயே படிப்பித்தார்.

இந்தப் பாடசாலையில் படித்த மகள் கிறிஸ்தவத்துக்கு மாறியதால் மனமுடைந்த சைவக் குடும்பங்களும் இந்த வரலாற்றில் இருக்கின்றன. அவர்களை விட்டுவிட்டு எழுத எனக்கு மனமில்லை. அந்த வேதனைக்குப் பதிலாகத்தான் 1913இல் பக்கத்து மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென இராமநாதன் கல்லூரி எழுந்தது என்பது என் எண்ணம். அதிலும் நன்மை அடைந்தவர்கள் எங்கள் பெண்களே.

அக்னியூ 1883இல் மானிப்பாயில் இறந்தார். படுக்கையில் கிடந்தவரிடம், எதற்காகச் செபிக்க வேண்டும் என்று கேட்டபோது, யாழ்ப்பாணப் பெண்களுக்காகச் செபிக்கச் சொன்னாராம். அவரோடு இருந்த மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். நான் உடுவிலில் படித்தவள். விடுதியில் இந்தக் கதையைக் கேட்டபோது, பெரியவர்கள் சொல்லும் நல்ல கதைகளில் ஒன்று என்றே நினைத்தேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்கு அஞ்சி, உடுவில் இருக்கும் வலிகாமமே எழும்பி நடந்தது. செம்மணி வீதியில் மழை. முன்னே நடப்பவரின் முதுகு மட்டுமே தெரிந்தது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு சைவ வீட்டுக்காரர் எங்களுக்குத் திண்ணையைத் தந்தார்கள். அம்மாவும் உடுவிலில் படித்தவர். நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, செபிக்கக் கூப்பிட்டார். வீடு என்னவாகும், தம்பி எங்கே என்று எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தது.

“எங்கட பாடு பிறகு. முதல் இந்த வீட்டுக்காரருக்குச் செபிப்பம்” என்றார் அம்மா.

அவர்களின் மூத்த மகளுக்கு அது நிறைமாதம். அந்த மகளின் பெயரைச் சொல்லி, அவளுக்குச் சுகப்பிரசவம் வேண்டிச் செபித்தார். பிறகு கீர்த்தனை பாடினார். சந்தோசமாகவே பாடினார். தன் பயத்தை மறைக்கப் பாடுகிறவரின் குரலை எனக்குத் தெரியும், அது இதுவல்ல. இன்னொருவருக்காகக் கேட்டதும் அவருடைய மனம் இளகி எழுந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அன்றுதான் அக்னியூவின் கதை எனக்கு விளங்கியது.

1996இல் திரும்பி வந்தோம். வீட்டுக்கு ஓடு இல்லை, கதவு இல்லை. 2000இல் சண்டை சாவகச்சேரிக்குப் போனது. இம்முறை அந்தப் பக்கத்துத் தென்மராட்சிச் சனம் எழும்பியது. எங்களுக்குத் திண்ணை தந்தவர்கள், அந்தத் திண்ணையருகே பிறந்த பேரனோடு, உடுவிலுக்கு எங்களைத் தேடி வந்தார்கள். அம்மா அவர்களுக்கு உள்ளறையைக் கொடுத்து, கோடியில் கல் வைத்துப் பெரிய பானையில் உலை ஏற்றினார். அடுப்படியில் நின்று அவர் பாடியது ஒழுங்கைவரை கேட்டது.