கடாரத்து வழியும் காலக் கணக்கும்

சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் எத்தனை தொலைவு என்று வினவினால், வான்வழியில் 2,600 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி என்றும், விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்றும் மாணவன் விடை கூறுவான். விடை சரியே. ஆயினும் நம் முன்னோர் இவ்வழியைக் கிலோமீட்டரால் அளந்தாரல்லர், நாளால் அளந்தனர். அந்த அளவை மறந்தால் மலாயாத் தமிழர் வரலாற்றிற் பாதி விளங்காது.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த இ-த்சிங் என்னும் சீனத் துறவி, தம் காலத்துத் துறவியரின் பயணங்களைக் குறித்து வைத்தார். அவர்களுள் ஒருவர் கடாரத்திலிருந்து மேற்கே முப்பது நாள் கடலிற் சென்று நாகப்பட்டினம் அடைந்தார் என்பது அவர் தரும் செய்தி. இம் முப்பது நாள், காற்று வாய்த்தபின் எண்ணிய கணக்கு. தென்மேற்குக் காற்றில் கிழக்கே வந்தவன், வடகிழக்குக் காற்று எழும்வரை துறையிலேயே தங்கியாக வேண்டும். 1025-இல் கடாரத்தின்மேற் சென்ற இராசேந்திர சோழனின் கப்பல்களும் இவ்விதிக்கு உட்பட்டவையே. நம் வணிகர் இக்கரையிற் குடியிருப்பு அமைத்ததற்குப் பொருளாசை மட்டுமன்று, காத்திருப்பும் காரணம் என்பது என் கருத்து.

நீராவிக் கப்பல் இக்காத்திருப்பை ஒழித்தது. 1929 டிசம்பரில் நாகையில் ‘ரஜூலா’ கப்பலேறிய பெரியார் ஈ.வெ.ரா. ஐந்தாம் நாள் பினாங்கு சேர்ந்தார். பண்டமாரானுக்கு அண்மையிலுள்ள சுவெட்டன்ஹாம் துறைமுகம் (1901-இல் திறக்கப்பெற்று, 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது) வரச் சிறிது கூடுதல் நேரம். மேல்தட்டில் வந்த தொழிலாளிக்கோ இதனோடு முடியவில்லை. அம்மைநோய்க்கு அஞ்சித் தடுப்பு முகாமில் அடைக்கும் நாட்களும் உண்டு. தந்தை இறந்த செய்தி தந்தியில் விரைந்து வரும். மகன் ஊர் சேர ஒரு வாரம். கொள்ளி வைக்கும் உரிமையைக் கடல் பறித்துக்கொண்டது. பதினாறாம் நாள் கருமாதிக்கேனும் போகலாமா என்பதே தோட்டங்களில் எழுந்த கேள்வி. அதற்கும் கப்பல் நாள் பொருந்த வேண்டும், லீவு கிடைக்க வேண்டும், பணமும் வேண்டும்.

சுபாங் விமான நிலையம் 1965 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. தனிநாயக அடிகளார் முயற்சியால் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரிற் கூடியபோது அதற்கு ஓராண்டும் நிறையவில்லை. உலகெங்குமுள்ள அறிஞரை ஒரு வாரத்திற்கு இங்கே கூட்டுவது, கப்பலை மட்டும் நம்பியிருந்தால் எளிதாயிராது. ஆனால் விமானம் வந்த அன்றே அது தோட்டத் தொழிலாளிக்கு எட்டிவிடவில்லை. 1970-களின் தொடக்கம்வரை ‘ரஜூலா’ ஓடியதே சான்று. பின்வந்த ‘சிதம்பரம்’ 1985-இல் தீ விபத்துக்குள்ளானது.

இனி ஆசிரியர்க்கு ஒரு குறிப்பு. கோலாலம்பூரில் காலை 9 மணிக்குப் புறப்படும் விமானம் நான்கு மணி நேரம் பறந்து இறங்குங்கால், சென்னைக் கடிகாரம் 10.30 காட்டும். ஒன்றரை மணிப் பயணம் என்று பிள்ளைகள் எழுதிவிடுவர்! இரு நாட்டுக்கும் நேர வேறுபாடு இரண்டரை மணி. 1982 ஜனவரி 1-க்கு முன்னரோ இரண்டு மணிதான். அன்றுதான் தீபகற்ப மலேசியா, சபா சரவாக்கோடு ஒன்றுபட அரைமணி முன்னேறியது. பழைய கால அட்டவணைகளை ஆராய்வோர் இதனைக் கருதாவிடில் கணக்கு அரைமணி பிழைபடும்.

காற்றும் முற்றிலும் நம்மை விட்டுவிடவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்திய வானின் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு கடுங்காற்று வீசுவதை 1950-களில் இந்திய வானிலை அறிஞர் கோட்டீசுவரம் எடுத்துக்காட்டினார். மாலுமியைக் கடாரத்திற்குத் தள்ளிய அதே மாதங்களில், விமானியை அது சென்னைப் பக்கம் தள்ளுகிறது. ஆதலின் அம்மாதங்களில் போகும் நேரமும் வரும் நேரமும் ஒத்திருப்பதில்லை.